டிவிடி டிரைவ் காணாமல் போய்விட்டதா? புதிது வாங்குவதற்கு முன் ரெஜிஸ்ட்ரியில் இரண்டு பெயர்களைத் தேடுங்கள்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பிறகு படிக்க வருபவர்களுக்கு உதவும். பழைய மேசைக் கணினி, விண்டோஸ் 7 இலிருந்து 10க்கு மாற்றப்பட்டது. டிவிடி எழுதுவதற்கு வைத்திருந்த பழைய மென்பொருள் இனி எதற்கு என்று நீக்கியிருக்கிறீர்கள். கணினியை மறுபடி தொடங்கியபோது ‘திஸ் பிசி’யில் டிவிடி டிரைவைக் காணவில்லை. கணினியின் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் அதன் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், திறந்து பார்த்தால் ‘கோட் 39’. கடைக்காரர் டிரைவ் போய்விட்டது, புதிது போட்டுவிடலாம் என்கிறார். அக்காவின் கல்யாண டிவிடியை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வைக்கத்தான் இத்தனை பாடும்.

புதிது வாங்காதீர்கள். நேற்று வரை ஓடிய டிரைவ், ஒரு மென்பொருளை நீக்கிய கையோடு செத்துப்போவது நடக்காத காரியம் இல்லை. ஆனால் நான் பார்த்த வரையில் பத்துக்கு ஒன்பது முறை டிரைவ் நன்றாகத்தான் இருக்கும். விண்டோஸுக்கும் அதற்கும் நடுவில் யாரோ வழியை மறித்துக்கொண்டு நிற்பார்கள்.

ஒரு சொல் விளக்கம். டிரைவ் என்பது பெட்டியில் மாட்டியிருக்கும் கருவி. டிரைவர் என்பது அதை ஓட்டும் மென்பொருள். இரண்டும் அடுத்தடுத்து வந்தால் எழுதுகிற எனக்கே தடுமாறும். அதனால் மென்பொருளை இங்கே இயக்கி என்றே எழுதுகிறேன்.

முதலில் கருவி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம். பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வருகிறது என்பதை ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மின்சாரம் வருகிறது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. கணினி தொடங்கும்போதே டெலீட் அல்லது எஃப்2 பொத்தானை அழுத்தி பயாஸ் திரைக்குள், அதாவது விண்டோஸ் ஏறும் முன்பே வரும் அமைப்புத் திரைக்குள் போங்கள். அங்கே இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலில் டிரைவின் பெயரும் மாடல் எண்ணும் தெரிந்தால் கேபிளும் மின்சுற்றும் சரி. இன்னும் உறுதி வேண்டுமென்றால், விண்டோஸ் அல்லது லினக்ஸ் நிறுவும் டிவிடி ஒன்றைப் போட்டு அதிலிருந்து கணினியைத் தொடங்கிப் பாருங்கள். தொடங்கினால் மோட்டார், லேசர், எல்லாமே வேலை செய்கின்றன என்று பொருள். அதே டிரைவ் விண்டோஸுக்குள் மட்டும் தெரியவில்லை என்றால் கோளாறு விண்டோஸில்தான். கடைக்காரர் இந்தச் சோதனையைச் செய்தாரா என்று கேளுங்கள். பெரும்பாலும் செய்திருக்க மாட்டார்.

உண்மையிலேயே கருவி பழுதான நேரங்களும் உண்டு, அவற்றின் முகம் வேறு. சிடி படிக்கிறது, டிவிடி படிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளையெல்லாம் எழுதி வைத்திருக்கும் பதிவேடு) பக்கமே போக மாட்டேன். சிடிக்கு 780 நானோமீட்டர் அலைநீள லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் லேசர். ஒன்று மங்கி மற்றொன்று நன்றாக இருப்பது சகஜம். மென்பொருளால் அப்படிப் பாகுபாடு வருவது அபூர்வம். டிரைவ் தெரிகிறது, கோப்புகளும் தெரிகின்றன, படம் மட்டும் ஓடவில்லை என்பது மூன்றாவது வகை. விண்டோஸ் 8இலிருந்து டிவிடி படம் ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் விண்டோஸோடு சேர்த்துத் தருவதில்லை. விஎல்சி பிளேயரைப் போட்டால் ஓடிவிடும். இதையும் டிரைவ் பழுது என்று நினைத்துக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும்.

உங்களுடையது இந்த இரண்டிலும் சேராது. கோட் 39 என்றால், ‘இந்தச் சாதனத்துக்கான இயக்கியை ஏற்ற முடியவில்லை, அது சிதைந்திருக்கலாம் அல்லது காணாமல் போயிருக்கலாம்’ என்று விண்டோஸ் சொல்கிறது. இதே குடும்பத்தில் கோட் 19 உண்டு: ரெஜிஸ்ட்ரியில் உள்ள அமைப்புத் தகவல் அரைகுறையாக அல்லது சேதமாக இருக்கிறது என்பது அதன் சாரம். 31, 32, 41 ஆகியவையும் இதே நோயின் வேறு வேறு காய்ச்சல் அளவுகள். எண்ணைப் பார்த்து மருந்தைத் தேடி அலைய வேண்டாம். ஐந்துக்கும் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ‘டிவிடி டிரைவுக்கான இயக்கி’ என்று தேடி, உற்பத்தியாளர் தளத்துக்குப் போய், அங்கே எதுவும் கிடைக்காமல், இயக்கிகளைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் ஏதாவது ஒரு மென்பொருளை இறக்கி, அது கேட்கும் பணத்தையும் கட்டிவிடுகிறார்கள். சிடி, டிவிடி டிரைவை ஓட்டும் இயக்கி விண்டோஸிலேயே இருக்கிறது. சிடிராம் என்பது அதன் பெயர். எந்த நிறுவனத்தின் டிரைவாக இருந்தாலும் அதே ஒன்றுதான். எனவே இறக்குவதற்கு ஒன்றுமே இல்லை. கெட்டுப்போயிருப்பதும் பெரும்பாலும் அது அல்ல, அதன் முன்னும் பின்னும் வரிசையில் நிற்கும் மற்றவர்கள்.

அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பு நகர்வதை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னதும் அந்தக் கோரிக்கை நேராக டிரைவுக்குப் போவதில்லை. மேஜை மேஜையாக இறங்குகிறது. நடுவில் இருப்பது சிடிராம் இயக்கி. அதற்கு மேலே உட்கார்ந்து வருகிற கோரிக்கையை முதலில் பார்ப்பவை அப்பர்ஃபில்டர்ஸ் என்ற பட்டியலில் உள்ளவை. அதற்குக் கீழே, டிரைவுக்கு மிக அருகில் இருப்பவை லோயர்ஃபில்டர்ஸ் பட்டியலில் உள்ளவை. டிவிடி எழுதும் மென்பொருள்கள், இசை மென்பொருள்கள், நகல் தடுக்கும் மென்பொருள்கள் என்று டிரைவோடு நேரடியாகப் பேச விரும்பும் ஒவ்வொன்றும் தனக்கொரு மேஜையை இந்த வரிசையில் போட்டுக்கொள்கிறது. ஆப்பிளின் இசை மென்பொருளான ஐடியூன்ஸைப் போட்டால் கியர் ஆஸ்பி என்ற பெயருடைய ஒரு மேஜை வரும். அது தவறான செயல் அல்ல, மைக்ரோசாஃப்ட்டே அனுமதித்த வழிதான்.

சிக்கல் மேஜைக்காரர் போகும்போது வருகிறது. மென்பொருளை நீக்கும்போது இயக்கிக் கோப்பு அழிந்துவிடுகிறது. பட்டியலில் அதன் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. மாற்றலாகிப் போன குமாஸ்தாவின் பெயர் வரிசையில் இருப்பதுபோல. விண்டோஸ் இந்த விஷயத்தில் கறாரான அதிகாரி. பட்டியலில் பெயர் இருந்தால் ஆள் இருந்தே ஆக வேண்டும். அவரைத் தாண்டி அடுத்த மேஜைக்குக் கோப்பை அனுப்பாது. சாதனத்தையே தொடங்காமல் நிறுத்தி மஞ்சள் முக்கோணத்தை ஒட்டிவிடும். ஒரு பெயர், ஒரு வரி, அதற்காக முழு டிரைவும் மறைந்துவிடுகிறது.

விண்டோஸை 7 இலிருந்து 10க்கு மாற்றும்போது இது இன்னும் எளிதாக நடக்கிறது. பழைய பட்டியல் புதியதற்கும் அப்படியே வந்துவிடும். ஆனால் பட்டியலில் உள்ள பழைய இயக்கிகள் புதிய விண்டோஸில் ஓட வேண்டுமே. விஸ்டா முதல் 64 பிட் விண்டோஸ், மின்னொப்பம் இல்லாத இயக்கிகளை ஏற்பதில்லை. 32 பிட் காலத்து இயக்கியை 64 பிட் விண்டோஸில் ஏற்றவும் முடியாது. பழைய மென்பொருளைப் பிடிவாதமாக நிறுவினால், பெயர் பட்டியலில் ஏறும், ஆள் வேலைக்கு வர மாட்டார்.

நான் இதைக் கற்றுக்கொண்ட விதம் பெருமைப்படும்படி இல்லை. எக்ஸ்பி காலம். ஒரு ஃபோட்டோ ஸ்டூடியோவில் கல்யாண வீடியோக்களை டிவிடியாக எழுதும் கணினி. தை மாதம், நாள் தவறாமல் முகூர்த்தம். டிரைவைக் காணோம் என்று காலையிலேயே அழைத்தார்கள். போய்ப் பார்த்து, டிரைவ்தான் போய்விட்டது என்று முடிவுகட்டி, புதிது வாங்கி மாட்டினேன். அதுவும் தெரியவில்லை. கேபிளை மாற்றினேன், தெரியவில்லை. கடைசியில் விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட்டேன். டிரைவ் வந்துவிட்டது, நானும் ஜெயித்த களிப்பில் கிளம்பினேன். நான்கு நாள் கழித்து மறுபடியும் அழைப்பு. ஸ்டூடியோக்காரர் தன் வழக்கமான இரண்டு எழுதும் மென்பொருள்களையும் மறுபடி நிறுவியிருக்கிறார். ஒன்று மெதுவாக இருக்கிறதென்று நீக்கியும் இருக்கிறார்.

அன்று இரவு, முதல் நாள் நான் கழற்றிய ‘செத்துப்போன’ டிரைவை என் வீட்டுக் கணினியில் மாட்டிப் பார்த்தேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. மறுநாள் ஸ்டூடியோவில் ரெஜிஸ்ட்ரியைத் திறந்தேன். அப்பர்ஃபில்டர்ஸ் பெட்டியில் இரண்டு பெயர்கள். இரண்டாவது, அவர் நீக்கிய மென்பொருளுடையது. இயக்கிகள் இருக்கும் கோப்புறையில் அந்தப் பெயரில் எதுவும் இல்லை. அந்த ஒரு வரியை அழித்துக் கணினியை மறுபடி தொடங்கினேன். டிரைவின் முகப்பில் பச்சை விளக்கு இரண்டு முறை மினுக்கியது, திரையில் சின்னம் வந்தது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், “அப்படியானால் புது டிரைவ் எதற்கு சார் வாங்கினோம்?” என்றார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் மரியாதையான பதில் இல்லை.

சரி, உங்கள் கணினிக்கு வருவோம். ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும் முன் ‘சிஸ்டம் ரிஸ்டோர்’ புள்ளி ஒன்றை, அதாவது தவறினால் விண்டோஸை இப்போதைய நிலைக்குத் திருப்ப ஒரு நகலை, உருவாக்கிக்கொள்ளுங்கள். இது சம்பிரதாயத்துக்குச் சொல்வது அல்ல, காரணத்தைச் சற்று நேரத்தில் சொல்கிறேன். விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தை அழுத்தி, வரும் சிறு பெட்டியில் ‘ரெஜ்எடிட்’ என்று தட்டுங்கள். (இங்கே தமிழில் எழுதியிருக்கும் பெயர்களையெல்லாம் ஆங்கில எழுத்தில் வாசித்துக்கொள்ளுங்கள்.) இடப்பக்க மரத்தில் ‘எச்கீ லோக்கல் மெஷின்’, அதற்குள் ‘சிஸ்டம்’, ‘கரன்ட்கன்ட்ரோல்செட்’, ‘கன்ட்ரோல்’, கடைசியாக ‘கிளாஸ்’. கிளாஸைத் திறந்தால் நெளிநெளி அடைப்புக்குறிகளுக்குள் நீண்ட எண்கள் வரிசை கட்டி நிற்கும். உங்களுக்கு வேண்டியது 4டி36ஈ965-ஈ325-11சிஈ-பிஎஃப்சி1-08002பிஈ10318.

எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அதைச் சொடுக்கியதும் வலப்பக்கத்தில் ‘கிளாஸ்’ என்ற வரிக்கு எதிரே ‘சிடிராம்’ என்று இருக்க வேண்டும். இருந்தால்தான் சரியான இடம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் அக்கம்பக்கத்து வீடுகள். 965க்குப் பிறகு வரும் 967 ஹார்ட் டிஸ்க்குகளுடையது, 96பி கீபோர்டுடையது, 96எஃப் மவுஸுடையது. எல்லாமே 4டி36ஈ என்றுதான் தொடங்கும், எல்லாவற்றின் வாலும் ஒன்றேதான். அவற்றிலும் அப்பர்ஃபில்டர்ஸ் இருக்கும், அங்கே அது அவசியமானது. கீபோர்டு வீட்டில் போய் அந்த வரியை அழித்தால் அடுத்த முறை கடவுச்சொல் தட்டக்கூட கீபோர்டு வேலை செய்யாது. ஹார்ட் டிஸ்க் வீட்டில் அழித்தால் விண்டோஸே எழுந்திருக்காமல் போகலாம். ரிஸ்டோர் புள்ளி எதற்கென்று இப்போது புரிந்திருக்கும்.

சரியான இடத்துக்கு வந்ததும், இடப்பக்கத்தில் அந்த எண்ணின் மேல் வலச்சொடுக்கி ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து டெஸ்க்டாப்பில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஏதாவது தவறினால் அந்த நகலை இருமுறை சொடுக்கினால் போதும், நீக்கியது திரும்பிவிடும்.

இப்போது வலப்பக்கத்தைப் பாருங்கள். வேறு மென்பொருள் எதுவும் ஏறாத புதிய விண்டோஸில் பொதுவாக இங்கே அப்பர்ஃபில்டர்ஸும் இருக்காது, லோயர்ஃபில்டர்ஸும் இருக்காது. உங்கள் கணினியில் ஒன்றோ இரண்டோ இருக்கும் என்பது என் ஊகம். ‘அப்பர்ஃபில்டர்ஸ்.பேக்’ என்று வாலோடு ஒன்று இருந்தால் அது வெறும் பழைய நகல், தொட வேண்டாம்.

பொதுவாகச் சொல்லப்படும் வைத்தியம் இரண்டையும் அழித்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கு என்பதுதான். மைக்ரோசாஃப்ட்டின் 314060 என்ற எண்ணுள்ள உதவிக் குறிப்பே பல ஆண்டுகளாக இதைத்தான் சொன்னது. வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அது பிடிப்பதில்லை. ஒரு குமாஸ்தா வரவில்லை என்பதற்காக அலுவலகத்தையே காலி செய்வதுபோல. வேலை செய்துகொண்டிருக்கும் மற்ற மென்பொருளும் அதோடு படுத்துவிடும். எது திருடன் என்பதும் கடைசிவரை தெரியாது. தெரியாவிட்டால் அடுத்த மாதம் அதையே மறுபடி நிறுவுவீர்கள், நாம் மறுபடி இங்கே சந்திப்போம்.

நான் செய்வது இது. அப்பர்ஃபில்டர்ஸை இருமுறை சொடுக்கினால் ஒரு சிறு பெட்டி திறக்கும். வரிக்கு ஒரு பெயர். அந்தப் பெயர்களைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். லோயர்ஃபில்டர்ஸிலும் அப்படியே. பிறகு அதே மரத்தில் ‘கரன்ட்கன்ட்ரோல்செட்’ வரை மேலே ஏறி, ‘சர்வீசஸ்’ என்பதைத் திறந்து, எழுதிக்கொண்ட ஒவ்வொரு பெயரையும் தேடுங்கள். அந்தப் பெயரே சர்வீசஸில் இல்லையா? அதுதான் ஆள். பெயர் இருக்கிறதா? அதைச் சொடுக்கி ‘இமேஜ்பாத்’ வரியில் எந்தக் கோப்பு என்று பாருங்கள். பெரும்பாலும் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ் என்ற வழியில் ஒரு கோப்பைக் காட்டும். அங்கே போய்ப் பார்த்தால் கோப்பு இல்லையா? அதுதான் ஆள். கோப்பும் இருக்கிறது, ஆனால் ‘ஸ்டார்ட்’ என்ற வரியில் மதிப்பு 4 என்றிருந்தால், இயக்கி முடக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அதுவும் சந்தேக வளையத்துக்குள்தான்.

மூன்று தேடலில் பெரும்பாலும் சிக்கிவிடும். பெட்டிக்குத் திரும்பி அந்த ஒரு பெயரை மட்டும் அழித்து ஓகே கொடுங்கள். நடுவில் வெற்று வரி இருந்தால் ரெஜிஸ்ட்ரி தானாக அதை நீக்கிக்கொள்வதாகச் சொல்லும், பயப்பட வேண்டாம். பெட்டியில் இருந்தது அந்த ஒரே பெயர்தான் என்றால் அப்பர்ஃபில்டர்ஸையே அழித்துவிடலாம். பிறகு கணினியை மறுபடி தொடங்குங்கள். ‘ஷட்டவுன்’ கொடுத்துப் பிறகு போடுவதைவிட ‘ரீஸ்டார்ட்’ நல்லது. விண்டோஸ் 8இலிருந்து வேகமாகத் தொடங்குவதற்காக ஷட்டவுனின்போது இயக்கிகளின் நிலையைப் பாதி தூக்கத்தில் வைத்திருக்கும் வழக்கம் வந்திருக்கிறது. ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும்.

ஐடியூன்ஸ் வைத்திருந்து இரண்டையும் மொத்தமாக அழித்தவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கும். அடுத்த முறை ஐடியூன்ஸைத் திறந்தால், சிடி இறக்கவும் எழுதவும் தேவையான ரெஜிஸ்ட்ரி அமைப்புகளைக் காணவில்லை, வேறு எழுதும் மென்பொருளை நிறுவியதால் இப்படி ஆகியிருக்கலாம், என்னை மறுபடி நிறுவு என்று புகார் சொல்லும். இந்த ஒரு எச்சரிக்கையில் முழு வரலாறும் அடங்கியிருக்கிறது. ஒரு மென்பொருள் நிறுவப்படும்போது அல்லது நீக்கப்படும்போது மற்றொன்றின் மேஜையையும் சேர்த்துத் தள்ளிவிடுவது அத்தனை சாதாரணமாக நடந்திருக்கிறது, அதற்கென்று ஓர் எச்சரிக்கையையே எழுதி வைக்கும் அளவுக்கு.

எழுதும் மென்பொருள்கள் இரண்டை ஒரே கணினியில் வைப்பதால் மட்டும் கெடுதல் வராது என்பதையும் சொல்ல வேண்டும். தகட்டில் (சிடி, டிவிடியில்) பென்டிரைவில் போடுவதுபோலக் கோப்புகளை இழுத்துப்போட்டு எழுதும் வசதி ஒரு காலத்தில் தனி மென்பொருள்களாக வந்தது. நீரோவோடு இன்சிடி, ராக்ஸியோவோடு டைரக்ட்சிடி. இந்த வகையில் இரண்டை ஒன்றாகப் போட்டால்தான் சண்டை. தகடு உள்ளே போனதும் இரண்டும் எனக்கு எனக்கு என்று டிரைவைப் பிடித்துக்கொள்ளும். கணினி உறைந்து நிற்கும், பொத்தானை அழுத்தினாலும் தட்டு வெளியே வராது. டிரைவின் முகப்பில் உள்ள சிறு துளையில் ஜெம் கிளிப்பை நிமிர்த்திக் குத்தித்தான் தகட்டை மீட்க வேண்டும். விண்டோஸுக்கே இந்த வசதி விஸ்டாவில் வந்த பிறகு அந்த மென்பொருள்களுக்கான தேவை போய்விட்டது. இன்னும் யாராவது வைத்திருந்தால் நீக்கிவிடுவதே நல்லது.

இன்னொரு கூட்டம், பொய் டிரைவுகளை உருவாக்கும் மென்பொருள்கள்: டீமன் டூல்ஸ், ஆல்கஹால் 120% போன்றவை. கணினியில் இல்லாத டிரைவை இருப்பதாகக் காட்ட, இவை எஸ்பிடிடி என்ற இயக்கியை மிகவும் ஆழத்தில் போட்டுவைத்தன. மென்பொருளை நீக்கினாலும் சில சமயம் அது மட்டும் தங்கிவிடும். மறுபக்கம் விளையாட்டுத் தகடுகளில் செக்யூராம், சேஃப்டிஸ்க் போன்ற நகல் தடுப்புகள். பொய் டிரைவின் வாசனை பட்டாலே செக்யூராம், ‘தகட்டைப் போலச் செய்யும் மென்பொருளோடு மோதல்’ என்று சொல்லி விளையாட்டைத் திறக்காது. கடையில் காசு கொடுத்து வாங்கிய அசல் தகடு உண்மையான டிரைவில் சுழன்றுகொண்டிருக்கும், அப்போதும் திறக்காது. திருடனுக்குப் போட்ட பூட்டில் வீட்டுக்காரர் மாட்டிக்கொண்ட கதை. விண்டோஸ் 8இலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (ஒரு தகட்டின் முழு நகல் அடங்கிய கோப்பு) இருமுறை சொடுக்கினாலே அது ஒரு டிரைவாகத் திறந்துகொள்ளும். ஆகவே சாதாரணத் தேவைக்குப் பொய் டிரைவ் மென்பொருள் வேண்டியதில்லை.

பழைய விளையாட்டுத் தகடு விண்டோஸ் 10இல் ஓடவில்லை என்றால் அதற்கும் டிரைவைக் குறை சொல்லாதீர்கள். சேஃப்டிஸ்க் பயன்படுத்திய செக்டிஆர்வி என்ற இயக்கியை 2015இல் வந்த விண்டோஸ் 10 ஏற்க மறுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்றின் மூலம் விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் மைக்ரோசாஃப்ட் அதை முடக்கியது. பாதுகாப்பு ஓட்டைதான் காரணம். தகடு நன்றாக இருக்கும், டிரைவும் நன்றாக இருக்கும், சரியான தகட்டைப் போடு என்று விளையாட்டு கேட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த வரிசையில் மேஜை போடுவதன் உச்சம் 2005இல் வெளியானது. சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் சில இசைத் தகடுகளைக் கணினியில் போட்டால், எக்ஸ்சிபி என்ற நகல் தடுப்பு மென்பொருள் தன்னை மறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அந்த அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்ற விண்டோஸ் வல்லுநர் அதைக் கண்டுபிடித்து எழுதினார். ரகசியக் கோப்புகளை அவர் கையால் அழித்ததும் என்ன நடந்தது தெரியுமா? அவருடைய சிடி டிரைவ் காணாமல் போனது. காரணம் நீங்கள் ஊகித்ததுதான். அழிக்கப்பட்ட இயக்கிகளில் ஒன்று சிடி டிரைவின் லோயர்ஃபில்டர்ஸிலும், இன்னொன்று டிரைவைக் கணினியோடு இணைக்கும் ஐடிஇ என்ற தடத்தின் அப்பர்ஃபில்டர்ஸிலும் பெயர் பதித்திருந்தன. அவர் செய்ததும் நாம் இப்போது செய்வதையே: பெயர்களை அழித்துக் கணினியை மறுபடி தொடங்கினார். விண்டோஸின் உள்ளுறுப்புகளைக் கரைத்துக் குடித்தவருக்கே இது நடந்திருக்கிறது, கடைக்காரரைக் கோபிக்க வேண்டாம்.

அவர் கதையில் நமக்கு உதவும் நுணுக்கம் ஒன்று உண்டு. பெயர் எப்போதும் ‘கிளாஸ்’ பகுதியில்தான் இருக்கும் என்பதில்லை. ஒட்டுமொத்த சிடிராம் இனத்துக்கும் பொதுவான பட்டியல் அங்கே இருக்கிறது. உங்கள் ஒரு டிரைவுக்கு மட்டுமான தனிப் பட்டியல் ‘கரன்ட்கன்ட்ரோல்செட்’டுக்குள் ‘எனம்’ என்ற பகுதியில் இருக்கலாம். சாதாரண நிர்வாகி உரிமையில் அங்கே எழுத முடியாது, விண்டோஸ் தனக்கென்று வைத்திருக்கும் சிஸ்டம் கணக்கின் உரிமை வேண்டும். கிளாஸ் பகுதி சுத்தமாக இருந்தும் கோட் 39 போகவில்லை என்றால் அங்கே பாருங்கள். அதற்கு முன் ஒரு எளிய வழி. டிவைஸ் மேனேஜரில் டிரைவின் மேல் வலச்சொடுக்கி ‘அன்இன்ஸ்டால்’ கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் அந்தத் தனிப் பதிவைப் புதிதாக எழுதும். பல நேரம் அதுவே போதும். இனத்துக்கான பட்டியலை அது தொடாது என்பதால்தான் முதலிலேயே இதைச் சொல்லவில்லை.

கோட் 32 வந்திருப்பவர்கள் ‘சர்வீசஸ்’ பகுதியில் ‘சிடிராம்’ என்பதன் ‘ஸ்டார்ட்’ மதிப்பையும் பாருங்கள். அது 1 ஆக இருக்க வேண்டும். கணினியை வேகமாக்குகிறேன் என்று வரும் சில மென்பொருள்களும், வழிகாட்டிகளைப் பார்த்துத் தேவையில்லாததை முடக்கும் நம் கைகளும் அதை 4 ஆக்கிவிடுவதுண்டு.

டிவைஸ் மேனேஜரில் முக்கோணம்கூட இல்லை, டிரைவே பட்டியலில் இல்லை, பயாஸில் மட்டும் தெரிகிறது என்றால் அது வேறு கதை. விண்டோஸ் 7 முதல் 10 வரைக்கும் மைக்ரோசாஃப்ட்டே தந்த ஒரு வழி உண்டு: ‘சர்வீசஸ்’ பகுதியில் ‘ஏடிஏபிஐ’ என்பதன் கீழே ‘கன்ட்ரோலர்0’ என்று ஒரு புதிய கீ (கோப்புறைபோன்ற உட்பிரிவு), அதற்குள் ‘எனம்டிவைஸ்1’ என்ற பெயரில் 32 பிட் டிவேர்டு (எண்ணை வைக்கும் வரி), மதிப்பு 1, பிறகு ரீஸ்டார்ட். உங்களுக்கு முக்கோணம் தெரிகிறது என்பதால் இது வேண்டியிருக்காது.

அலுவலகக் கணினியாக இருந்தால் இதில் எதையும் செய்யாதீர்கள். அங்கே வெளித் தகடுகளைத் தடுக்க நிர்வாகமே கொள்கை அமைத்திருக்கலாம். ‘அனுமதி இல்லை’ என்ற செய்தி வந்தால் அநேகமாக அதுதான்.

டிரைவ் திரும்பி வந்ததும் கல்யாண டிவிடியை அதிலேயே வைத்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். எழுதப்பட்ட டிவிடிகளின் சாயப்பூச்சு ஆண்டுகள் போகப் போக மங்கும். முதல் வேலையாக ‘வீடியோ டிஎஸ்’ என்ற கோப்புறையை முழுதாக ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். விஎல்சியில் அந்தக் கோப்புறையைத் திறந்தால் மெனுவோடு படம் ஓடும். நடுவில் எங்காவது சிக்கினால் தகட்டை மென்மையான பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள்.

ரெஜிஸ்ட்ரியில் எதையும் அழிக்கும் முன், காகிதத்தில் எழுதிக்கொண்ட பெயர்களை இங்கே பதிலாகப் போடுங்கள். எந்தப் பெயர் எந்த மென்பொருளுடையது என்று பார்த்துச் சொல்கிறேன்.